இரவு தங்க வருகிற சனத்துக்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள்

வன்னியில் கோடை காலத்தில் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிற விளையாட்டுக் கழகங்கள், சனசமூக நிலையங்கள், இளைஞர் மன்றங்கள், அவர்களுக்கு மைதானமும் அனுமதியும் கொடுக்கிற சபைகள், எல்லோருக்கும்.

வணக்கம் அண்ணாமாரே, தம்பிமாரே, ஐயாமாரே.

போன ஓகஸ்டில் உங்களில் ஒரு தரப்பு நடத்திய இசை நிகழ்ச்சிக்கு நானும் என் தோழியும் கூடாரத்தோடு வந்தோம். எந்தக் கழகம், எந்த மைதானம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்றால் அன்று எங்களுக்கு நடந்தது வேறு எந்த மைதானத்திலும் நடந்திருக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. இந்த வருடம் நோட்டீஸ் அடிக்க முன்னமே நீங்கள் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பாட்டில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பறையோடு தொடங்கினீர்கள். பிறகு கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்று, கோவலன் கூத்தில் இருந்து நாலு பாட்டுப் பாடினார். முல்லைமோடி என்று நாங்கள் சொல்லுகிற அந்த மெட்டைச் சின்ன வயதில் கோயில் வீதியில் கேட்டிருக்கிறேன், இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், முன்னால் ஆயிரக்கணக்கான சனம் இருக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஐயா பிற்பாட்டை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார், கை முழங்காலில் தாளம் போட்டபடி, ஒரு அடி தவறவில்லை. பிறகு இசைக்குழு வந்தது, பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஆடினார்கள், பன்னிரண்டு மணிக்கும் ஒருவரும் எழும்பவில்லை. இப்படி ஒரு இரவை எங்கள் மண்ணில் நடத்திக் காட்டியதற்கு நான் மனதார நன்றி சொல்லுகிறேன். அந்த நன்றியோடுதான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

கூடாரக் கதை என் வீட்டில் தொடங்கினது. என் தோழி லண்டனில் இருக்கிறாள், ஓகஸ்டில் லீவு எடுத்துக்கொண்டு வருவாள். இந்தத் தடவை பெட்டிக்குள் இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒரு கூடாரமும் இருந்தது. சுருட்டினால் ஒரு தலையணை அளவுதான். எங்கள் முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே விரித்துக் காட்டினாள், வளைந்த கம்பி இரண்டைப் போட்டதும் எழும்பி நின்றது. அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்தவர், கையில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். "திரும்பவும் இதுக்குள்ளயோ படுக்கப் போறியள்?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

2009இல் எனக்குப் பத்து வயது. அவளுக்கும் பத்து. முகாமில் எங்கள் தறப்பாளும் அவர்களுடைய தறப்பாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம். பகலில் தறப்பாளுக்குள் இருக்கேலாது, அப்படி வெக்கை. தண்ணிக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, இருட்டினால் அம்மா எங்களைத் தனிய அனுப்பமாட்டார். கூடாரம் என்றால் எங்கள் வீட்டில் அதுதான் அர்த்தம். வன்னியில் எத்தனை வீட்டில் அதுதான் அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் என் தோழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நாங்களா விரும்பிப் படுக்கிறது அம்மா, விடிய நாங்களா மடிச்சுக்கொண்டு வந்திடுவம்" என்றாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அம்மா எங்களைப் போக விட்டார். எங்களுக்கும் அந்த இரவு ஒரு பாட்டு நிகழ்ச்சியாக மட்டும் இருக்கவில்லை. சந்தோசத்துக்காக ஒரு கூடாரத்துக்குள் படுத்து எழும்ப வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஆசை இருந்தது.

சரி, அன்று இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசிப் பாட்டு ஒன்று ஐம்பதுக்கு முடிந்தது. இரண்டு மணிக்கு ஜெனரேற்றரை நிற்பாட்டிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள், வான் பிடித்து வந்தவர்கள் போய்விட்டார்கள், மிஞ்சினது பஸ்ஸில் வந்த சனம். முதல் பஸ் ஐந்தரைக்கு. குறைந்தது நூறு பேர் ரோட்டுக்கரையில் இருட்டில் நின்றோம், கைக்குழந்தையோடு ஒரு அக்கா மதகில் குந்தி இருந்தார், பிள்ளையின் முகத்தில் நுளம்பு மொய்க்காமல் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தார்.

நாங்கள் மைதானத்தின் ஓரத்தில் கூடாரத்தை அடித்தோம். பத்து நிமிசத்தில் ஒரு டோர்ச் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. சட்டையில் ஒழுங்கமைப்புக் குழுவின் மட்டை தொங்கின ஒரு தம்பி. "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இப்பிடி வெளியில படுக்கலாமோ, வீட்ட போங்கோ அக்கா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் வீடு நாற்பது கிலோமீற்றர். "எப்பிடித் தம்பி போறது?" என்று கேட்க அவரிடம் பதில் இல்லை. கேற்றைப் பூட்ட வேண்டும், வெளியே போங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மலசலகூடம் இரண்டு இருந்தது. இரண்டையும் பதினொரு மணிக்கே பூட்டிவிட்டார்கள். திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொரு அண்ணையைக் காட்டினார், அந்த அண்ணை எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

இந்த இடத்தில் ஆண்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தோழி பின்னேரம் நாலு மணிக்கே தண்ணிப் போத்தலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். சோளகம் அடித்துக்கொண்டிருந்தது, உதடு வெடிக்கிற காற்று, புழுதி தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது, அப்படியும் அவள் குடிக்கவில்லை. "இப்ப குடிச்சா பிறகு எங்கயடி போறது?" என்றாள். நானும் குடிக்கவில்லை. பத்து மணி வாக்கில் அவளுக்குத் தலையிடி தொடங்கினது, இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அமத்திக்கொண்டே மிச்சப் பாட்டைக் கேட்டாள். தூரப் பஸ் பயணத்திலும், செத்தவீட்டிலும், பரீட்சை மண்டபத்திலும் பெண்கள் இதைத்தான் செய்கிறோம். உங்கள் அக்கா தங்கச்சியிடம் கேட்டுப் பாருங்கள். டிக்கெட் எடுத்து வந்த சனத்தில் பாதிப் பேர் தாகத்தோடு இருந்துதான் உங்கள் பாட்டைக் கேட்டோம்.

எங்களைக் காப்பாற்றினது ஒரு கச்சான் விற்கிற அம்மா. கேற்றுக்கு வெளியே சாக்கு விரித்துக் கடை போட்டிருந்தார். தாச்சிக்குள் மணல் இன்னும் சூடாக இருந்தது, கடைசி வறுவலை அரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, "உதில நிக்காதேங்கோ பிள்ளையள், என்ர கடைக்குப் பின்னால கொண்டந்து அடியுங்கோ" என்றார். கூடாரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் தன் அரிக்கன் லாம்பை வைத்தார், திரியை இறக்கவே இல்லை. விடிய நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டி, அவர்களுடைய மலசலகூடத்துக்கு எங்களையும் அந்தக் கைக்குழந்தை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். ஒரு முழு ஒழுங்கமைப்புக் குழு செய்யாததை ஒரு தாய் ஒரு லாம்பை வைத்துக்கொண்டு செய்தார்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், எங்கள் ஊருக்குச் சரிவராது என்று ஒரு அண்ணை எனக்குச் சொன்னார். அதைத்தான் நான் ஏற்கமாட்டேன். கூட்டமாகப் போய், இரவு வெளியில் தங்கி, பாட்டும் கூத்தும் பார்த்து வருகிறது எங்கள் பழக்கம். மடு மாதா கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ஆடி மாதம் 2ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஆவணி 15க்கும் நாலா பக்கமும் இருந்து வருகிற சனம் அந்தக் காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, கல்லு வைத்து அடுப்பு மூட்டி, நாள்கணக்கில் தங்குகிறது. தமிழரும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில் சமைக்கிறார்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கடல்நீரில் விளக்கெரிகிற அந்தப் பொங்கலுக்கு வந்த சனம் இரவிரவாக நந்திக்கடல் பக்கத்து வெளியில் பாயை விரித்துப் படுத்திருக்கும். அம்மாமார் ஒரு பக்கம் பொங்க, பிள்ளைகள் மற்றப் பக்கம் நித்திரை. கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து வெளிக்கிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஒரு மாதத்துக்கு மேல் கோயில் கோயிலாகப் படுத்து எழும்பித்தான் போகிறார்கள், அதில் எத்தனை வயதுபோன பெண்கள்!

கூத்தும் அப்படித்தான். விடிய விடிய ஆடுவதற்கென்றே கட்டப்பட்டது கூத்து. என் அப்பம்மா சொல்லுவார், பாயையும் தலையணையையும் கொண்டுபோய் முன்வரிசையில் இடம் பிடித்து, கட்டியகாரன் முடிய ஒரு குட்டித் தூக்கம், ராசா வரவுக்கு மத்தளம் மாறி அடிக்கும்போது தானாக முழிப்பு வரும் என்று. பார்க்கிற சனம் அங்கேயே படுக்கும் என்பது அந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், நல்லது. பாயை மட்டும் ஏன் வெளியில் விட்டீர்கள்?

வெளிநாட்டுக் கதையும் ஒன்று சொல்லுகிறேன், அதில் இருந்து எடுக்கக்கூடியதும் இருக்கிறது. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்று ஒரு இசை விழா, என் தோழி ஒரு வருடம் போயிருக்கிறாள். 1970இல் மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர் தன் காணியில் தொடங்கினது. முதல் வருடம் டிக்கெட் ஒரு பவுண், பண்ணைப் பால் இலவசம், வந்தது ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில். இன்றைக்கு இரண்டு லட்சம் பேர் ஐந்து நாள் அதே பண்ணையில் கூடாரம் அடிக்கிறார்கள். மேடையைப் பற்றிச் சொன்னதை விட அவள் எனக்கு அதிகம் சொன்னது தண்ணிக் குழாயைப் பற்றித்தான். 2019இல் இருந்து அங்கே பிளாஸ்டிக் போத்தலில் தண்ணி விற்பது இல்லை, வெறும் போத்தலோடு போனால் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். மூத்திரம் ஓடையில் கலந்து மீனைக் கொல்லும் என்று, நிலத்தில் போகாதீர்கள் என்று பிரசாரமே செய்கிறார்கள். எங்கள் மைதானங்களில் பாதி குளக்கரையில் இருக்கிறது, இதை யோசியுங்கள். இன்னொன்று, ஐந்தாறு வருடத்துக்கு ஒருக்கால் விழாவை நிற்பாட்டி நிலத்துக்கு ஓய்வு விடுகிறார்கள். 2018இல் விட்டார்கள், 2026ஐயும் அப்படித்தான் ஒதுக்கினார்கள். புல்லு திரும்ப முளைக்க வேண்டும், மாடு மேய வேண்டும் என்பதற்காக. இதைக் கேட்டதும் என் அப்பா, "அவன் கமக்காரன், அதுதான்" என்றார்.

அப்பா சொன்னதில் இருந்துதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. குளத்துத் தண்ணி பாயாத மானாவாரி வயல்கள் காலபோகம் வெட்டின பிறகு மழை வரும் வரைக்கும் சும்மா கிடக்கின்றன. ஓகஸ்டில் அது காய்ந்த வெட்டை. மைதானத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வயல் இருந்தால் சொந்தக்காரருக்கு வாடகை கொடுத்து இரண்டு இரவுக்கு எடுக்கலாம். முன்கூட்டியே அடிக்கட்டையை உழுது சமப்படுத்தி விட்டால் போதும். அவருக்கும் சும்மா கிடக்கிற காணியில் ஒரு வருமானம்.

ஆனால் இடம் எடுக்கும்போது கவனம். இது வன்னி. மிதிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன, ஆகவே துப்புரவாக்கின காணிதான் என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் ஒரு கூடாரத்தையும் அடிக்க விடாதீர்கள். காட்டுக்கரையும் வேண்டாம், யானை வரும். மலசலகூடம் பூட்டிக் கிடந்தால் சனம் பற்றைக்குள்தான் போகும், பற்றைக்குள் புடையன் பாம்பு, அதுதான் கண்ணாடி விரியன், கிடக்கும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து கட்டுவிரியன், இரவில் ஊர்ந்து வந்து நித்திரையில் கடிக்கும், கடித்த வலிகூடப் பெரிதாகத் தெரியாது, விடிய எழும்பும்போது கண் இமை தூக்கேலாமல் இருக்கும். அதனால்தான் சிப் இழுத்து மூடுகிற கூடாரமோ, பாய்க்குக் கீழே நன்றாகச் செருகின நுளம்பு வலையோ வேண்டும் என்கிறேன். வலை நுளம்புக்கு மட்டுமில்லை, பாம்புக்கும் பாதுகாப்பு. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அந்த இரவு அங்கே விசக்கடிக்கு மருந்து இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள், ஒரு வாகனத்தைச் சாரதியோடு நிற்பாட்டி வையுங்கள்.

மலசலகூடம் எத்தனை வேண்டும் என்று கேட்பீர்கள். நான் சில வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தில் தண்ணீர், சுகாதார வேலை செய்தபடியால் இது எனக்குத் தெரியும். அனர்த்த முகாம்களுக்கென்று உலகம் முழுக்கப் பாவிக்கிற ஸ்பியர் தராதரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் இருபது பேருக்கு ஒன்று, அவசரத்தின் ஆரம்பத்தில் ஐம்பது பேருக்கு ஒன்று. பொது இடத்தில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கே அந்தக் கணக்கு என்றால், காசு கொடுத்துச் சந்தோசமாக வருகிற சனத்துக்கு ஆயிரம் பேருக்கு இரண்டு என்பது எந்தக் கணக்கு? உள்ளே கொழுக்கி வேண்டும், லைற் வேண்டும், வாளியில் தண்ணி வேண்டும், போகிற பாதையிலும் வெளிச்சம் வேண்டும். பாதை இருட்டு என்றால் இருந்தும் பிரயோசனம் இல்லை, யாரும் போகமாட்டோம். குடிதண்ணிக்கு ஒரு பவுசரைக் கொண்டுவந்து விட்டால் சரி.

பிறகு, ஜெனரேற்றர். மேடை லைற்றை நிற்பாட்டுங்கள், பரவாயில்லை. நாலு பல்பை மட்டும் விடியும் வரைக்கும் எரிய விடுங்கள். கடைசிப் பாட்டு எத்தனை மணிக்கு முடியும் என்பதை நோட்டீசிலேயே போடுங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் போடுங்கள், டிப்போவோடு கதைத்து இரண்டு பஸ்ஸை இரண்டரைக்கு விட முடிந்தால் இன்னும் நல்லது, பாதிச் சனத்துக்குத் தங்க வேண்டிய தேவையே வராது. இரவு காவலுக்கு நிற்கிற குழுவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். டோர்ச் அடித்துக்கொண்டு வருகிற அந்தத் தம்பியோடு ஒரு அக்காவும் வந்திருந்தால் அன்று நடந்த கதையே வேறு.

செலவு என்று சொல்லுவீர்கள். இந்தியாவில் இருந்து பாடகரைக் கூப்பிடுகிற செலவை நாங்கள் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை, கூப்பிடுங்கள், எங்களுக்கும் ஆசைதான். ஆனால் 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் இந்தியப் பாடகர்கள் வந்த நிகழ்ச்சியில் சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போனதை எல்லோரும் பார்த்தோம். சனத்தை எங்கே இருத்துவது, எங்கால விடுவது என்ற வேலையும் மேடை வேலை மாதிரி முக்கியம் என்று அதற்குப் பிறகும் யோசிக்காமல் இருக்கேலாது. தங்குகிற இடத்துக்கு டிக்கெட்டில் நானூறு ரூபாய் கூட எடுங்கள். நான் தருவேன், என் தோழி தருவாள், அந்தக் கைக்குழந்தை அக்காவிடம் மட்டும் எடுக்காதீர்கள்.

இந்த வருடமும் என் தோழி ஓகஸ்டில் வருகிறாள், கூடாரம் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதாக யோசித்திருக்கிறோம், கோவலன் பாட்டுக் கேட்க அவருக்கு ஆசை, முழுக்க இருந்து கேட்டு எவ்வளவோ காலம். வருவேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. "அங்க மலசலகூடம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்ல என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். திறப்பு வைத்திருக்க ஆள் இல்லை என்றால் என்னிடம் தாருங்கள், விடியும் வரைக்கும் கதவடியில் கதிரை போட்டு இருக்கிறேன். கச்சான் அம்மாவுக்கும் கேற்றுக்கு உள்ளே ஒரு இடம் கொடுங்கள்.

அன்போடு,
முல்லைத்தீவில் இருந்து ஒரு பெண்